வராதவங்க அலமாரி

அக்கா எழுதும் காரணங்களைப் படித்தால் சிலருக்குச் சிரிப்பு வரும். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

பல்லுக்குக் கிளிப்பு போட்டவர்கள் மாதம் ஒரு தடவை வந்து கம்பியை மாற்றிக்கொண்டோ இறுக்கிக்கொண்டோ போக வேண்டும். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று எழுத கேஸ் ஷீட்டில் ஒரு கட்டம் உண்டு. எழுதுகிறவர்களுக்குச் சிரமம் வேண்டாமென்று அதற்கு நான் நம்பர் கொடுத்திருந்தேன். ஒன்று என்றால் உடம்பு சரியில்லை. இரண்டு என்றால் வெளியூர். மூன்று என்றால் ஒத்துழைப்பு இல்லை. அக்கா ஒழுங்காக மூன்று என்று போடுவாள். போட்டுவிட்டு, பக்கத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி பொடி எழுத்தில் ஆரம்பிப்பாள். ‘மாமியா ஒத்துக்கல.’ ‘தம்பிக்கு அம்மை, வூட்ட வுட்டு வரக்கூடாதாம்.’ ‘மரவள்ளி புடுங்கற நாளு, அப்பாக்கு லீவு இல்ல.’ ‘கூடப் படிக்கற பசங்க கேலி பண்றாங்களாம், அழுவுது.’

“அக்கா, இது கேஸ் ஷீட்டா, கடுதாசியா?” என்று கேட்டேன்.

“நம்பரு போட்டுட்டேங்க மேடம். பக்கத்துல கொஞ்சம் எடம் இருந்துச்சி, அதான்.”

அந்தப் பல் ஆஸ்பத்திரி கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது. ஒரு அறக்கட்டளை நடத்தியது. மாவட்டம் பிரிந்த புதிதில் நான் திருச்சியிலிருந்து அங்கே வேலைக்கு வந்தேன். கிளிப்பு போடும் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. அக்கா ரெக்கார்டு பார்க்கிறவள். கச்சிராயபாளையம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். ஆஸ்பத்திரி முழுக்க அக்கா என்றதால் நானும் அக்கா என்றேன். கொண்டையில் எப்போதும் ஒரு பேனா செருகியிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கி, வராதவர்களுக்கு ஒவ்வொருவராகப் பேசுவாள். “இன்னா கண்ணு, ஆளையே காணோம்? கம்பி குத்துதா? வூட்ல ஆரு இருக்காங்க, அவங்ககிட்ட குடு.” எலுமிச்சை சாதம் காய்ந்து கட்டியாகிவிடும். அவளுக்குக் கவலையே இல்லை.

பிளாஸ்டரில் எடுத்த பல் அச்சுகளை அட்டைப் பெட்டிகளில் போட்டு வைக்க எங்களிடம் மூன்று இரும்பு அலமாரிகள் இருந்தன. ஒன்று வைத்தியம் முடிந்தவர்களுக்கு, ஒன்று நடந்துகொண்டிருப்பவர்களுக்கு. ஜன்னலோரம் இருந்த மூன்றாவதில், பாதியில் நின்றுபோனவர்கள். அதன் மேல் ஆங்கிலத்தில் நான் ஒட்டியிருந்த சீட்டு ஒரு மழையில் ஊறி விழுந்தது. அக்கா வேறு சீட்டு எழுதி ஒட்டினாள்: ‘வராதவங்க’. சனிக்கிழமை தோறும் அந்த அலமாரியைத்தான் முதலில் துடைப்பாள்.

“வராதவங்க பல்லைப் போய் எதுக்குக்கா துடைக்கறீங்க?”

“திடீர்னு வந்து நின்னாங்கன்னா இன்னா பண்றது மேடம்? தூசியோடயா எடுத்துக் குடுப்பேன்?”

அவள் குணமே இதுதான். ஒருவர் நம் படி ஏறி வந்துவிட்டால், அப்புறம் அவர் இல்லாதவராக ஆகவே முடியாது. வராமல் போனாலும் எங்கே போனார் என்று தெரிந்தாக வேண்டும். அதை யாராவது எழுதி வைத்தாக வேண்டும். இதைக் குணம் என்று இப்போது சொல்கிறேன். அப்போது வேலை தெரியாத பிடிவாதம் என்று நினைத்தேன்.

வருடத்துக்கு ஒரு தடவை எங்கள் பிரிவுக்கு ஆடிட் உண்டு. பணக் கணக்கு ஆடிட் இல்லை, வைத்தியத்துக்கான ஆடிட். போட்ட கிளிப்பு எப்படி வேலை செய்தது, பல் எவ்வளவு நேரானது என்று நாமே நம்மைச் சோதித்து ரிப்போர்ட் எழுத வேண்டும். முன்பு எடுத்த அச்சையும் பிறகு எடுத்த அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து மதிப்பெண் போடுவோம். முதல் வருடம் நான் உட்கார்ந்து போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா பெட்டிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தவள், தொண்டையைச் செருமினாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம். கிளிப்பு போட்டதும் நீங்க, மார்க்கு போடறதும் நீங்களே.”

“வேற யாரு போடணும்ங்கறீங்க?”

“பத்தாவது பரிச்ச பேப்பருக்கு டம்மி நம்பரு போட்டு வேற ஊருக்குத்தானே அனுப்பறாங்க? அந்த மாதிரி.”

எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் அவளே எல்லாப் பெட்டிகளிலும் பெயரை வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்தாள். நம்பர் எழுதினாள். முன்பு எது, பின்பு எது என்றுகூடத் தெரியாதபடி கலைத்தாள். உளுந்தூர்பேட்டையில் கிளினிக் வைத்திருந்த என் தோழி ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை வந்து மதிப்பெண் போட்டாள். நானே போட்டபோது இருந்ததைவிட மதிப்பெண் நன்றாகவே குறைந்தது. “கம்மியா போனாலும் நெசமான மார்க்கு மேடம்” என்று அக்கா என்னைச் சமாதானம் செய்தாள். ஒரு வாரம் அவளோடு சரியாகப் பேசவில்லை. ஆனாலும் அந்த முறையை அப்படியே வைத்துக்கொண்டேன். வெளியூர்க் கூட்டங்களில் அதை என் யோசனையாகச் சொல்லிப் பாராட்டும் வாங்கினேன்.

இரண்டாம் வருடம் ஆவணியில் ஒரு பெண் வந்தாள். மலைமேல் கரியாலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் மேலே நடக்கிற ஊர். ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூட முகாமில் பார்த்து அனுப்பியிருந்தார்கள். மேல் முன்பல் நான்கும் உதட்டை மூட விடாமல் வெளியே நின்றன. என்ன பிரச்சினை என்று கேட்டு எழுதும் இடத்தில் அக்கா எழுதியிருந்தாள்: ‘பிரேயர்ல நியூஸ் படிக்கணுமாம். உதடு ஒட்ட மாட்டேங்குது, பசங்க சிரிக்கறாங்களாம்.’ நான் அதை ஒரே கோடாக அடித்துவிட்டு, ‘மேல் முன்பற்கள் துருத்தல்’ என்று எழுதினேன்.

மாதம் தவறாமல் அப்பாவோடு மலையிறங்கி வந்தாள். காத்திருக்கிற நேரத்தில் அந்தப் பெண் அக்காவின் மேஜையில் கிடக்கும் பேப்பரை எடுத்துக் கொட்டை எழுத்துச் செய்திகளைச் சத்தமாகப் படித்துக் காட்டுவாள். அக்கா பெட்டிகளுக்கு நடுவிலிருந்தே, “பெருசா படிடி, பின்னாடி நிக்கற பசங்களுக்குக் கேக்க வேணாமா” என்பாள். மார்கழியில் வந்தபோது உதடு கொஞ்சம் சேர ஆரம்பித்திருந்தது. நானே கவனித்தேன்.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. அவளுக்கு முன்னால் மலையிலிருந்து வந்த ஒரு பையன் மூன்று மாதம் வராமல் இருந்துவிட்டு அன்றைக்குத்தான் வந்திருந்தான். நான் சத்தம் போட்டேன். “ஒழுங்கா வர முடியாதுன்னா எதுக்கு கிளிப்பு போட்டுக்கறீங்க? எங்க நேரமும் வீண், கம்பியும் வீண். இனிமே இப்படி வந்தா கழட்டி அனுப்பிடுவேன்.” எனக்குக் கோபம் வந்தால் குரல் ஹால் வரை போகும். அந்தப் பெண் ஹாலில்தான் உட்கார்ந்திருந்தாள்.

தை மாதம் அவள் வரவில்லை. மாசியிலும் வரவில்லை. போன் சுவிட்ச் ஆஃப். அக்கா விடுவாளா? மலைக்குப் போகிற பஸ் கண்டக்டரைப் பிடித்து விசாரித்தாள்.

“பாதி ஊரே மிளகு பறிக்கப் போயிருக்காம் மேடம், கேரளாவுக்கு. குடும்பத்தோட. பங்குனி கடைசிலதான் திரும்புவாங்களாம். கம்பி பல்லுல கெடக்குதே, அது வரைக்கும் ஆரு பாப்பாங்க?”

“வந்தா பார்க்கலாம்கா” என்றேன்.

பங்குனி போய்ச் சித்திரையும் போனது. ஊர் திரும்பிவிட்டார்கள் என்று கண்டக்டர் சொன்னார். அந்தப் பெண் வரவில்லை. அந்தக் கோடையில் அக்கா ஒரு காரியம் செய்தாள். வராதவங்க அலமாரிப் பெட்டிகளைத் தரையில் இறக்கி, அவர்களுடைய கேஸ் ஷீட்டுகளில் இருந்த தன் பொடி எழுத்துகளையெல்லாம் ஒரு நீள நோட்டில் வரிசையாக எழுதினாள். எழுதி முடித்து என் மேஜையில் வைத்தாள்.

“பாருங்க மேடம். மலைக்காரங்கள்ல நின்னு போனவங்க அத்தினி பேரும் தை மாசத்துலதான் நின்னிருக்காங்க. நம்ம மூணாம் நம்பரு போட்டு வெச்சிருக்கோம். அவங்க வேலைக்குப் போயிருக்காங்க.”

“சரி, அதுக்கு?”

“மார்கழில ஒருத்தரு கரியாலூருக்குப் போய் கம்பிய எடுத்துட்டு அனுப்பிடலாம். திரும்பி வந்ததும் மறுபடி மாட்டிக்கலாம். மாசம் ஒரு நாளு அங்க ஒரு நாற்காலி போட்டா போதுங்க.”

வைத்தியப்படி பார்த்தாலும் சரியான யோசனை. ஐந்து வருடம் பட்டப்படிப்பும் மேலே மூன்று வருடமும் படித்த எனக்கு அது தோன்றவில்லை. ஆடிட் ரிப்போர்ட் வைக்கும் கூட்டத்தில் நிர்வாகக் குழுவிடம் கேட்டுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தபோது ஒரு சிக்கல். பாதியில் நின்றவர்களுக்குக் கடைசி அச்சு கிடையாது. கடைசி அச்சு இல்லாமல் மதிப்பெண் போட முடியாது. அதனால் ஒரு வரி எழுதினேன்: ‘ஆறு மாதங்களுக்கு மேல் வராதவர்களின் ரெக்கார்டு முழுமையாக இல்லாததால் சேர்க்கப்படவில்லை.’ அந்த ஒரு வரியில் மூன்றாவது அலமாரி காலி. ரிப்போர்ட் பளிச்சென்று இருந்தது. பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

அக்கா அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

“அவங்கல்லாம் எங்க மேடம், இதுல?”

“அவங்களுக்கு மார்க் போட முடியாதுக்கா.”

“மார்க்கு போட வேணாம். இத்தினி பேரு வந்தாங்க, இன்னாரு இதுக்காக நின்னுட்டாங்கன்னாவது எழுதலாமே?”

“அடுத்த வருஷம் பாத்துக்கலாம்கா. இப்ப நேரம் இல்ல.”

நேரம் இருந்தது. பளிச்சென்று இருந்ததைக் கெடுத்துக்கொள்ள மனமில்லை. அதுதான் உண்மை.

கூட்டத்தில் எல்லாரும் பாராட்டினார்கள். ஃபைல்களைச் சுமந்துகொண்டு வந்திருந்த அக்கா சுவரோரம் நின்றிருந்தாள். கடைசியில் நான் கரியாலூர் விஷயத்தை எடுத்தேன். குழுத் தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் ரிப்போர்ட்டையே திருப்பிப் பார்த்தார்.

“இதுல ஒரு குறையும் இல்லையேம்மா. கிளிப்பு போட்டவங்க ஒழுங்கா வர்றாங்க, முடிச்சிட்டுப் போறாங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் மலைக்கு எதுக்கு ஆள் அனுப்பணும்? வேன், டாக்டரு, அலைச்சல்.”

அப்போது வாயைத் திறந்திருக்கலாம். சேர்க்காமல் விட்டவர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் மலைக்காரர்கள் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். பாராட்டு வாங்கிய ஐந்து நிமிடத்தில் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. “சரிங்க சார், அப்புறம் பார்க்கலாம்” என்றேன். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

வெளியே வராந்தாவில் அக்கா ஃபைல்களை மார்போடு அணைத்தபடி வந்தாள். “நீங்க சொல்லியிருக்கலாங்க மேடம்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். “சொன்னா மட்டும்?” என்று நான்தான் எரிந்து விழுந்தேன்.

அடுத்த ஞாயிறு அக்கா மலையேறினாள். யாரும் அனுப்பவில்லை. கேட்டிருந்தால் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். திங்கட்கிழமை காலை வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் என் அறை வாசலில் நின்றாள்.

“பாத்துட்டேன் மேடம். மிளகு எஸ்டேட்ல கம்பி பிச்சிக்கினு கன்னத்துல குத்தியிருக்குது. அவங்கப்பா குறடு வெச்சி வெட்டி எடுத்திருக்காரு. கொக்கியெல்லாம் பல்லுலயே கெடக்குது. ஓரமெல்லாம் கறுத்துப் போய் சொத்தை. முன்பல்லு ரெண்டு பாதிக்கு மேல இல்ல மேடம்.”

“பங்குனிலயே திரும்பிட்டாங்களே. ஏன் வரலையாம்?”

அக்கா தரையைப் பார்த்தாள். “நீங்க திட்டுவீங்கன்னு பயந்துக்கினு இருந்திருக்குது.”

இன்னும் சொல்ல வேண்டியது ஒன்றுதான் பாக்கி. அதை எழுதாமல் தள்ளிப்போட்டு, அதற்குப் பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த மாதக் கடைசியில் அக்கா வேலையை விட்டு நின்றாள். சண்டை எதுவும் இல்லை. கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். அடுத்த வருடம் நான் ரிப்போர்ட்டை மாற்றி எழுதினேன். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் நின்றார்கள், ஒவ்வொருவரும் எந்த மாதம், எதற்காக நின்றார்கள் என்று அவள் நோட்டில் இருந்ததை அப்படியே சேர்த்தேன். மூன்றாம் நம்பரை எடுத்துவிட்டேன். ரிப்போர்ட் அசிங்கமாகத்தான் இருந்தது. குழுத் தலைவர் முகம் சுளித்தார், ஆனால் சம்மதித்தார். இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை நான் கரியாலூரில் இருக்கிறேன். போன் செய்து அக்காவிடம் சொன்னேன். “நல்லதுங்க மேடம்” என்றாள். பின்னால் கடையில் யாரோ துணியின் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். “அப்புறம் பேசறேங்க” என்று வைத்துவிட்டாள்.

போன ஐப்பசியில் அக்காவுக்குக் காமாலை வந்தது. நாட்டு மருந்து சாப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். முற்றிப்போய் புதுச்சேரிக்குக் கொண்டுபோகும்போது, விழுப்புரம் தாண்டவில்லை. நாற்பதுகூட ஆகவில்லை. செய்தி தெரிந்து நான் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் வீட்டுக்காரர் எனக்கு நாற்காலி போட்டு, “உங்களப் பத்தி நெறைய சொல்லும்ங்க” என்றார். என்ன சொன்னாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மனசு விட்டு ஒரு வார்த்தை அவளிடம் சொல்லாமலே போய்விட்டது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அந்த வியாழக்கிழமையைச் சொல்லாமல் விட்டால், நான் எழுதிய அந்தப் பளிச்சென்ற ரிப்போர்ட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

மலைக்குப் போய் வந்த நான்காம் நாள் அக்கா அந்தப் பெண்ணை அழைத்து வந்தாள். வளர்ந்திருந்தாள். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தாள். நான் விளக்கைத் திருப்பினேன். அக்கா சொன்னதைவிட மோசமாக இருந்தது. ஒட்டியிருந்த கொக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். முன்பல் இரண்டையும் காப்பாற்ற வழியில்லை. அன்றைக்கே ஊசி போட்டு எடுக்க வேண்டியிருந்தது. எத்தனையோ பிள்ளைகள் நாற்காலி அதிர அழுவார்கள். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கூரையையே பார்த்தாள். அக்கா பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்திருந்தாள். அது அவள் வேலை இல்லை. அன்றைக்கு வேறு யாரையும் அதைத் தொட விடவில்லை.

எடுத்து முடித்துப் பஞ்சை வைக்கப் போனேன். அந்தப் பெண் என் கையை மெல்லத் தள்ளி, எழுந்து உட்கார்ந்தாள். மரத்துப்போன உதட்டை இழுத்து இழுத்துப் பேசினாள்.

“மன்னிச்சிடுங்க மிஸ். நான் ஒழுங்கா வராததாலதான் இப்படி ஆயிடுச்சி. உங்க கம்பியெல்லாம் வீணாப்போச்சி.”

நான் அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே, ஒரு டாக்டர் சொல்கிற குரலில், “பரவாயில்லம்மா. இனிமே கரெக்டா வா” என்றேன்.

அக்கா குழாயை அதன் இடத்தில் மாட்டினாள். துணியை நனைத்து அந்தப் பெண்ணின் வாயோரம் இருந்த ரத்தத்தைத் துடைத்தாள். என்னைப் பார்க்கவே இல்லை.

“நீ இன்னாத்துக்குடி மன்னிப்பு கேக்கற?” என்றாள். “நீ அஞ்சு மாசம் மலையெறங்கி வந்தியே. நாங்க ஒரு நாளு ஏறி வந்தமா?”

அந்தப் பெண்ணுக்கு அது புரியவில்லை. அக்கா முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு, “இல்லக்கா, தப்பு என்னோடதுதான்” என்றாள்.